சிரித்த முகமும் கையெழுத்திட்ட கையும்
அதிபர் ரொனால்ட் ரீகன் பற்றிய ஓர் உரை



ரீகனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் சலித்துக்கொண்டார். "நம் வீட்டுப் பிரச்சினையே தலைக்கு மேல் கிடக்கிறது. 2004இல் செத்துப்போன அமெரிக்க அதிபர் இப்போது எதற்கு ஐயா?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

1984 அதிபர் தேர்தலில் ரீகன் 50 மாநிலங்களில் 49ஐ வென்றார். தேர்வாளர் வாக்குகள் 525; எதிராளி வால்டர் மொண்டேலுக்கு வெறும் 13. ஆனால் அதே தேர்தலில் கறுப்பின வாக்காளர்களில் பத்தில் ஒன்பது பேர் அவருக்கு எதிராகத்தான் வாக்களித்தார்கள். அவர்கள் ஓட்டுப் போடாததால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை! உங்கள் ஓட்டு தேவைப்படாத ஓர் ஆட்சியாளர். அவருக்குப் பெரும்பான்மை மக்களின் அன்பும் இருக்கிறது. அவரிடம் ஒரு சிறுபான்மைச் சமூகம் எதைப் பெற முடியும், எப்படிப் பெற முடியும்? இதுதான் என் கேள்வி. இதைப் படிக்கும் உங்களுக்கும் இந்தக் கேள்வி அந்நியமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த மனிதரின் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய மூலதனமே அதுதான்.

1911இல் இலினாய் மாநிலத்தில் டாம்பிக்கோ என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா காலணி விற்பவர், குடிப்பழக்கம் உள்ளவர். கல்லூரி முடித்ததும் ஐயோவா மாநிலத்தில் வானொலி விளையாட்டு அறிவிப்பாளராக வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் பேஸ்பால் ஆட்டத்தை மைதானத்தில் இருந்துதான் வர்ணிக்க வேண்டும் என்பதில்லை. தந்தியில் இரண்டு மூன்று எழுத்துகள் வரும். அதை வைத்துக்கொண்டு, நேரில் பார்ப்பதுபோல் ரீகன் நிலையத்தில் உட்கார்ந்தபடியே வர்ணிப்பார். ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் தந்தி நின்றுபோனது. "தந்தி அறுந்துவிட்டது" என்று சொன்னால் கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். என்ன செய்தார் தெரியுமா? மட்டை பிடித்தவர் பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்தார், மறுபடியும் வெளியே அடித்தார், இன்னொரு முறையும் அடித்தார் என்று நிமிடக்கணக்கில் கற்பனையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். தந்தி திரும்பி வந்தபோது பார்த்தால், அந்த ஆட்டக்காரர் முதல் பந்திலேயே ஆட்டமிழந்திருந்தாராம். இந்தக் கதையை ரீகன் வாழ்நாள் முழுவதும் சிரித்துச் சிரித்துச் சொல்லி வந்தார்.

நான் இதை அவரைக் கேலி செய்யச் சொல்லவில்லை. நடந்தது என்ன என்பதைவிட, கேட்பவர் மனத்தில் ஓடும் படம்தான் முக்கியம் என்பதை அவர் இருபது வயதுகளிலேயே கற்றுக்கொண்டார். ஹாலிவுட் நடிப்பு அதற்குப் பிறகு வந்தது. 1954 முதல் 1962 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் முகமாக இருந்து, தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் பேசினார். தொழிலாளி எந்த இடத்தில் சிரிப்பான், எந்த இடத்தில் முகம் சுளிப்பான் என்று அங்கேதான் பாடம் படித்தார். சிறு அட்டைகளில் குறிப்பெழுதி, அடுக்கை மாற்றி மாற்றி வைத்து ஒரே பேச்சைப் பல ஊர்களுக்குப் பொருத்துவார். 1964 அக்டோபரில் பேரி கோல்ட்வாட்டருக்கு ஆதரவாகத் தொலைக்காட்சியில் பேசிய பேச்சு அந்த அட்டைகளிலிருந்து பிறந்ததுதான். கோல்ட்வாட்டர் படுதோல்வி அடைந்தார். ரீகனோ இரண்டே ஆண்டுகளில் கலிபோர்னியாவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதில் இன்னொரு வேடிக்கை. இவர் பழைய தொழிற்சங்கவாதி! திரைப்பட நடிகர் சங்கத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர். 1960இல் அந்தச் சங்கத்தின் வேலைநிறுத்தத்துக்கே தலைமை தாங்கினார். நடிகர்களுக்கு ஓய்வூதியமும் மருத்துவ நலத் திட்டமும் அந்தப் போராட்டத்தில்தான் கிடைத்தன. ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு நான்கு முறையும் ஓட்டுப் போட்டவர். 1962இல்தான் கட்சி மாறினார்.

அப்படிப்பட்டவர் அதிபரான ஏழாம் மாதம், 1981 ஆகஸ்ட் 3ஆம் தேதி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. 48 மணி நேரத்தில் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்றார் ரீகன். 11,000க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அத்தனை பேரையும் வேலையிலிருந்து நீக்கினார். மீண்டும் அந்தப் பணியில் சேரவும் தடை விதித்தார்; அந்தத் தடை 1993இல் கிளின்டன் காலத்தில்தான் நீங்கியது. இதில் கசப்பான செய்தி என்னவென்றால், 1980 தேர்தலில் அந்தச் சங்கம் ரீகனைத்தான் ஆதரித்திருந்தது. வேட்பாளர் கொடுத்த இனிப்பான கடிதம் ஒன்றை நம்பிச் சங்கத் தலைவர்கள் கை தூக்கினார்கள். தேர்தலுக்கு முந்தைய கடிதத்தைச் சட்டம்போட்டு மாட்டி வைத்திருக்கும் சங்கங்கள் எல்லா நாட்டிலும் உண்டு, அதை விடுங்கள். இதற்குப் பிறகு தனியார் முதலாளிகளும் வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குப் பதிலாக நிரந்தரமாகவே புது ஆட்களை எடுக்கத் துணிந்தார்கள். அதற்கு வழிகாட்டியது ஒரு முன்னாள் சங்கத் தலைவர்!

இனி நம்மைப் போன்றவர்கள் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

ரீகன் மேடையில் ஓர் இனத்தின் பெயரைச் சொல்லித் திட்டியதே இல்லை. அவர் கதைதான் சொல்வார். 1976இல் வேட்பாளராக முயன்றபோது ஊர் ஊராக ஒரு கதை சொன்னார். சிக்காகோவில் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு 80 பெயர்கள், 30 முகவரிகள், அரசாங்க உதவித்தொகையை ஏமாற்றி வரியில்லாமல் ஆண்டுக்கு 150,000 டாலர் சம்பாதிக்கிறாள் என்றார். அப்படி ஒரு பெண் இருந்தது உண்மைதான். மோசடிக்காரி என்பதும் உண்மைதான். ஆனால் அவள்மேல் நடந்த வழக்கில் பேசப்பட்ட தொகை ஏறத்தாழ 8,000 டாலர்! பத்திரிகைகள் அவளுக்கு "உதவித்தொகை ராணி" என்று பட்டம் கட்டின. ரீகன் அவள் நிறத்தைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சிக்காகோ என்றதுமே கேட்பவர் தம் மனத்தில் ஒரு முகத்தை வரைந்துகொண்டார். தந்தி நின்றபோது பந்து எங்கே போனது என்று வானொலி கேட்டவர்கள் தாமே பார்த்துக்கொண்டார்கள் அல்லவா? அதே வித்தைதான். உதவித்தொகை வாங்கிய ஏழைகளில் வெள்ளையர்களும் ஏராளம். ஆனால் அந்த ஒரு கதைக்குப் பிறகு "உதவித்தொகை" என்ற சொல்லுக்கே ஒரு நிறம் வந்துவிட்டது.

அடுத்தது மிசிசிப்பி. 1980 ஆகஸ்ட் 3ஆம் தேதி, கட்சி வேட்பாளராக அறிவிக்கப்பட்ட சில நாட்களில், நெஷோபா மாவட்டச் சந்தைத் திருவிழாவில் ரீகன் பேசினார். அந்த இடத்திலிருந்து சில மைல் தூரத்தில்தான் பிலடெல்பியா என்ற சிற்றூர் இருக்கிறது. 1964 ஜூனில் கறுப்பர்களுக்கு வாக்குரிமை பெற்றுத்தர வேலை செய்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்களை அங்கேதான் கொன்று மண்ணணையில் புதைத்தார்கள். கொலையாளிகளில் அந்த வட்டாரக் காவல் அதிகாரியும் இருந்தார். அந்த ஊர்க்கூட்டத்தில் ரீகன் அந்த மூன்று பெயர்களைச் சொல்லவில்லை. "மாநில உரிமையில் எனக்கு நம்பிக்கை உண்டு" என்று சொன்னார்.

மாநில உரிமை என்ற சொல் தமிழ்க் காதுக்கு இனிமையாகத்தான் கேட்கும். தமிழ்நாட்டில் அது மத்திய அரசின் ஆதிக்கத்துக்கு எதிரான முழக்கம். சபா, சரவாக் மக்களுக்கும் அது உரிமைக்குரல்தான். ஆனால் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அந்தச் சொல்லுக்கு வேறு வரலாறு உண்டு. அடிமை முறையைக் காப்பாற்றவும், பிறகு பள்ளியிலும் பேருந்திலும் வாக்குச்சாவடியிலும் கறுப்பரை ஒதுக்கி வைக்கவும் பயன்பட்ட கேடயம் அது. ஒரு சொல் அகராதியில் என்ன பொருள் தருகிறது என்று பார்த்தால் போதாது. எந்த ஊரில், யார் முன்னால், எந்தக் கல்லறைக்கு அருகில் நின்று சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 5ஆம் தேதி, இதே ரீகன் நியூயார்க்கில் கறுப்பின அமைப்பான தேசிய நகர்ப்புற லீகின் மாநாட்டில் பேசி ஆதரவு கேட்டார். அங்கே ஒரு பேச்சு, இங்கே ஒரு பேச்சு. இந்த வித்தையை நீங்கள் எங்கும் பார்த்ததில்லையா?

குடியரசுக் கட்சியின் தேர்தல் உத்தியாளர் லீ அட்வாட்டர் 1981இல் ஓர் ஆய்வாளரிடம் பேட்டி தந்தபோது இதை வெளிப்படையாகவே விளக்கினார். 1954இல் இழிசொல்லை நேரடியாகச் சொல்ல முடிந்தது, 1968க்குப் பிறகு அது எடுபடாது, அதனால் மாநில உரிமை, வரிக்குறைப்பு என்று அருவமாகப் பேச வேண்டியதாயிற்று என்ற கருத்தில் சொல்லியிருக்கிறார். நாம் ஊகித்துச் சொல்லவில்லை. சமையல் செய்தவரே சொன்ன பக்குவம் இது.

அப்படியானால் ரீகன் இனவெறியரா? இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அவர் யுரேகா கல்லூரியில் காற்பந்து ஆடிய காலத்தில், குழு வெளியூர் போனபோது, இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு ஒரு தங்கும் விடுதியில் இடம் தர மறுத்தார்கள். ரீகன் அந்த இருவரையும் டிக்சன் ஊரில் இருந்த தம் வீட்டுக்கே அழைத்துப் போனார். அவர் தாயார் தயக்கமில்லாமல் வரவேற்றார். அந்த நட்பு நெடுங்காலம் தொடர்ந்தது. இது உண்மை. 1971 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் சீனாவுக்கு இடம் கிடைத்த மறுநாள், ஆளுநர் ரீகன் அதிபர் நிக்சனுக்குத் தொலைபேசியில் பேசியபோது ஆப்பிரிக்கப் பேராளர்களைக் குரங்குகள் என்று சொன்னதும் உண்மை. நிக்சன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஒலிநாடா 2019இல்தான் வெளியே வந்தது. கேட்டுவிட்டு ரீகனின் மகளே வெட்கப்பட்டு எழுதினார்.

ஆகவே "உள்ளுக்குள் அவர் நல்லவரா கெட்டவரா" என்று தோண்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. தனிப்பட்ட முறையில் கனிவானவர், தீபாவளிக்கு வீடு தேடி வருகிறவர், நம் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறவர் என்பதெல்லாம் ஓர் ஆட்சியாளரைப் பற்றி நமக்கு எதையும் சொல்லிவிடாது. கோப்பைப் பார்க்க வேண்டும். எதில் கையெழுத்திட்டார், எதை மறுத்துத் திருப்பி அனுப்பினார்?

வாருங்கள், பார்ப்போம். 1964 குடியுரிமைச் சட்டத்தை அன்று எதிர்த்தவர் அவர். 1965 வாக்குரிமைச் சட்டம் தென்மாநிலங்களை அவமானப்படுத்தியது என்று 1980இல்கூடச் சொன்னார். 1982 ஜனவரியில், மாணவர்களை இன அடிப்படையில் ஒதுக்கும் தனியார் கல்வி நிலையங்களுக்கும் வரிவிலக்கு தரலாம் என்று அவர் அரசு முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற தீர்ப்பில் அதைத் தூக்கியெறிந்தது. 1986 போதைப்பொருள் சட்டத்தில் கையெழுத்திட்டார். கறுப்பின ஏழைகள் வாழும் பகுதிகளில் பரவிய கிராக் கொக்கேயின் 5 கிராம் விற்பனைக்கு வைத்திருந்தால் ஐந்தாண்டுச் சிறை. வசதியானவர் பயன்படுத்தும் தூள் கொக்கேயினுக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் வேண்டும்! ஒன்றுக்கு நூறு. இந்த விகிதம் 2010 வரை நீடித்தது. அந்தச் சட்டத்திலும் எந்த இனத்தின் பெயரும் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

எய்ட்ஸ் நோய் பற்றி அவர் முதல் பெரிய உரை நிகழ்த்தியது 1987 மே மாத இறுதியில். அதற்குள் அமெரிக்காவில் 20,000க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அந்த நாக்கு எதற்கெல்லாம் அசைந்தது, எதற்கு அசையவில்லை என்பதும் கோப்பில் சேர வேண்டிய செய்திதான்.

இப்போது மறுபக்கம். 1982இல் வாக்குரிமைச் சட்டத்தை 25 ஆண்டுகளுக்கு நீட்டித்துக் கையெழுத்திட்டவர் இதே ரீகன். மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கி 1983 நவம்பர் 2ஆம் தேதி கையெழுத்திட்டவரும் இவரே. கிங் கம்யூனிச அனுதாபியா என்று அதற்கு இரண்டு வாரம் முன்பு நிருபர்கள் கேட்டார்கள். இன்னும் 35 ஆண்டுகளில் தெரிந்துவிடுமல்லவா என்று, முத்திரையிட்ட ரகசியக் கோப்புகளைச் சுட்டிக் கிண்டலாகப் பதில் சொன்னார். பிறகு கிங்கின் துணைவியார் கொரெட்டாவைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். பிறகு ஏன் கையெழுத்திட்டார்? மசோதா பிரதிநிதிகள் சபையில் 338க்கு 90, செனட்டில் 78க்கு 22 என்று நிறைவேறி வந்திருந்தது. மறுத்தாலும் நிற்காது! பதினைந்து ஆண்டுகள் கையெழுத்து இயக்கம், ஊர்வலம், பாட்டு என்று மக்கள் நடத்திய வேலை அந்த எண்ணிக்கையில் இருந்தது.

மறுத்து மூக்குடைபட்ட கதைகளும் உண்டு. தென்னாப்பிரிக்க இனஒதுக்கல் அரசுடன் "ஆக்ககரமான தொடர்பு" வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆயர் டெஸ்மண்ட் டுட்டு 1984இல் அமெரிக்கக் காங்கிரசில் நின்று அந்தக் கொள்கை ஒழுக்கக்கேடானது, தீயது என்று முகத்துக்கு நேரே சொன்னார். 1986இல் காங்கிரஸ் பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ரீகன் தம் மறுப்பதிகாரத்தைப் பயன்படுத்தித் திருப்பி அனுப்பினார். சபை 313க்கு 83, செனட் 78க்கு 21 என்று அந்த மறுப்பையே முறியடித்தன. செனட் அப்போது அவர் கட்சியின் கையில்தான் இருந்தது! 1988இல் குடியுரிமை மீட்புச் சட்டத்தையும் மறுத்தார். 1860களில் ஆண்ட்ரூ ஜான்சனுக்குப் பிறகு ஒரு குடியுரிமை மசோதாவை மறுத்த அதிபர் இவர்தான். ஒரே வாரத்தில் அதுவும் முறியடிக்கப்பட்டது.

நியாயமாக அவருக்குச் சேர வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். 1980இல் 13 விழுக்காட்டைத் தாண்டியிருந்த விலையேற்றம் அவர் பதவி விலகும்போது 4 விழுக்காட்டளவில் இருந்தது; அதில் பெரும்பங்கு மத்திய வங்கியின் பால் வோல்க்கருக்கு உரியது. அதற்கு மக்கள் தந்த விலை, 1982 இறுதியில் 10.8 விழுக்காடு வேலையின்மை. கறுப்பர்களிடையே அது 20 விழுக்காட்டைத் தாண்டியது. உச்சவரி 70 விழுக்காட்டிலிருந்து 28க்கு இறங்கியது. அரசாங்கம் சிறியதாக வேண்டும் என்றவரின் ஆட்சியில் நாட்டின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்கானது. சோவியத்தைத் தீய சாம்ராஜ்யம் என்று 1983இல் சொன்னவர், 1987 டிசம்பரில் கோர்பச்சேவுடன் அமர்ந்து ஒரு வகை அணு ஏவுகணைகளையே ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பெர்லின் சுவரை இடியுங்கள் என்று அதே ஆண்டு ஜூனில் அவர் பேசப்போன வரியை வெளியுறவு அதிகாரிகள் வெட்டப் பார்த்தார்கள், அவர் விடவில்லை. எதிரியோடு பேச அஞ்சாத துணிவு அது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் அவர் மக்கள் முன் தந்த விளக்கம் மட்டும் வானொலிக்காலத்தை நினைவூட்டியது: பணயக் கைதிகளுக்காக ஆயுதம் விற்கவில்லை என்று என் இதயம் சொல்கிறது, ஆதாரங்கள் விற்றோம் என்று சொல்கின்றன என்றார்!

அவர் விட்டுச்சென்றது என்ன? பேச்சு காற்றோடு போய்விடும், நியமனங்கள் நிற்கும். 1981இல் அவருடைய நீதித்துறையில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் வழக்கறிஞர், வாக்குரிமைச் சட்டத்தை வலுப்படுத்தும் திருத்தத்துக்கு எதிராகக் குறிப்புகள் எழுதினார். அன்று அவர் பக்கம் தோற்றது. அவர் பெயர் ஜான் ராபர்ட்ஸ். 2005இல் தலைமை நீதிபதியான அவர்தான், 2013 ஜூனில் அந்தச் சட்டத்தின் முதுகெலும்பான முன்னனுமதிப் பிரிவைச் செயலிழக்கச் செய்த தீர்ப்பை எழுதினார். முப்பது ஆண்டுக் காத்திருப்பு! நாம் ஒரு தேர்தலில் தோற்றால் அடுத்த தீபாவளிக்குள் இயக்கத்தைக் கலைத்துவிடுகிறோம்.

வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் இரு தரப்புக் கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்ற விதியை 1987இல் அவர் நியமித்த ஆணையம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டிலிருந்தே நாள் முழுக்க ஒரு பக்கம் மட்டும் கத்தும் வானொலிகள் பெருகின. அதன் பேரப்பிள்ளைகளைத்தான் இன்று உங்கள் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் இன்னொன்றும் உண்டு. 1986இல் அவர் கையெழுத்திட்ட குடிநுழைவுச் சட்டத்தால், ஆவணமில்லாமல் வாழ்ந்த ஏறத்தாழ 2.7 மில்லியன் மக்கள் சட்டப்படியான தகுதி பெற்றார்கள். 1989 ஜனவரியில், பதவி விலகுவதற்கு முந்தைய நாள், உலகின் எந்த மூலையிலிருந்தும் வந்து எவரும் அமெரிக்கர் ஆகலாம் என்று பேசினார். அமெரிக்காவை மீண்டும் உயர்த்துவோம் என்ற முழக்கம் 1980இல் அவருடையதுதான். அதை எடுத்துக்கொண்ட டோனல்ட் டிரம்ப், மற்றதை எடுத்துக்கொள்ளவில்லை. 2025 அக்டோபரில் கனடாவின் ஒண்டாரியோ மாநில அரசு, இறக்குமதி வரிக்கு எதிராக ரீகன் 1987இல் பேசிய வானொலி உரையை விளம்பரமாக ஒளிபரப்பியது. டிரம்ப் கோபம் கொண்டு கனடாவுடனான வணிகப் பேச்சையே முறித்தார். செத்து இருபத்தொரு ஆண்டாகியும் அந்தக் குரலுக்கு அவர் கட்சியே பதற வேண்டியிருந்தது.

கடைசியாக, நான் சொல்ல வந்த முக்கியமான கதை.

1942 பிப்ரவரி 19ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் இட்ட ஆணையால் ஏறத்தாழ 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் விட்டு முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. போர் முடிந்து திரும்பியவர்கள் பேசவே இல்லை. பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. அவமானம் தங்களுடையது என்று நினைத்தார்கள். நம் பெரியவர்களில் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பியவர்கள் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மௌனம் உங்களுக்குப் புரியும்.

முப்பது ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகள் தலைமுறை கேட்கத் தொடங்கியது. 1978இல் ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் லீகு, ஆளுக்கு 25,000 டாலர் இழப்பீடு என்று தீர்மானம் போட்டது. சமூகத்துக்குள்ளேயே சண்டை. பழைய புண்ணைக் கிளற வேண்டாம் என்றார்கள் சிலர். நேராக வழக்குத் தொடுப்போம் என்றார்கள் சிலர். முதலில் விசாரணை ஆணையம் கேட்போம் என்றார்கள் சிலர். ஆணையம் என்பது தட்டிக்கழிக்கும் தந்திரம் என்று இளைஞர்கள் கொதித்தார்கள். ஆணையம் அமைந்தது. 1981இல் 750க்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாக முதியவர்கள் எல்லோர் முன்னிலையிலும் அழுதார்கள். காரணம் இராணுவத் தேவையல்ல. இனக்காழ்ப்பு, போர்வெறி, அரசியல் தலைமையின் தோல்வி என்று ஆணையம் எழுதியது. வழக்குப் போட்டவர்களும் சும்மா இல்லை. முகாமுக்குப் போக மறுத்துத் தண்டனை பெற்ற ஃபிரெட் கொரமட்சுவின் தண்டனையை 1983 நவம்பரில் நீதிமன்றம் ரத்து செய்தது.

அவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ரீகனுக்கு அவர்கள் ஓட்டும் தேவையில்லை. அவர் அரசோ செலவைக் காட்டி மசோதாவை எதிர்த்தது. அவர்களைப் பாதுகாப்பதற்காகத்தான் முகாமில் வைத்தார்கள் என்ற பழைய கதையை ரீகனும் நம்பியிருந்தார்.

அப்போது ஒரு கடிதம் போனது. கசுவோ மசுடா என்ற இளைஞர் 442ஆம் படைப்பிரிவில் சேர்ந்து, தம் குடும்பம் அரிசோனா முகாமில் அடைபட்டிருந்தபோதே, 1944இல் இத்தாலியில் அமெரிக்காவுக்காகப் போரிட்டு மாண்டார். 1945 டிசம்பரில் ஜெனரல் ஸ்டில்வெல் கலிபோர்னியாவில் இருந்த அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கே வந்து வீரப்பதக்கம் வழங்கினார். அன்று நடந்த பாராட்டுக் கூட்டத்தில் ஓர் இளம் நடிகர், மணலில் ஊறிய இரத்தம் எல்லாம் ஒரே நிறம்தான் என்ற பொருளில் பேசினார். அந்த நடிகர்தான் ரொனால்ட் ரீகன்! 42 ஆண்டுகள் கழித்து மசுடாவின் சகோதரி அந்த நாளை நினைவூட்டி எழுதினார். அந்தக் கடிதத்தை ரீகனின் கையில் சேர்த்தவர், அவர் கட்சியைச் சேர்ந்த நியூஜெர்சி ஆளுநர் தாமஸ் கீன். சமூகத்தின் ஆட்கள் தேடிப் பிடித்த வழி அது.

ஒரு கடிதம் ஓர் அதிபரின் மனத்தைக் கரைத்துவிட்டது என்று கதை சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ரீகனே அப்படித்தான் சொல்வார். ஆனால் அந்தக் கடிதம் போவதற்கு முன்பே, 1987 செப்டம்பர் 17ஆம் தேதி, அரசமைப்பின் 200ஆவது ஆண்டு நிறைவு நாளில், பிரதிநிதிகள் சபை 243க்கு 141 என்று மசோதாவை நிறைவேற்றியிருந்தது. மசோதாவின் எண்ணையே 442 என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். சிறுவயதில் முகாமில் இருந்த நார்மன் மினேட்டா அதே சபையில் உறுப்பினராக இருந்தார். பத்தாண்டுச் சாட்சியம், அறிக்கை, வழக்கு, வாக்கு எண்ணிக்கை எல்லாம் தயாராக இருந்த பிறகுதான் கடிதம் வேலை செய்தது. அவருக்குக் கதைதான் புரியும் என்று தெரிந்துகொண்டு, அவருடைய சொந்தக் கதையையே அவர் கையில் கொடுத்தார்கள்.

1988 ஆகஸ்ட் 10ஆம் தேதி ரீகன் சட்டத்தில் கையெழுத்திட்டார். உயிரோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர், கூடவே நாட்டின் மன்னிப்பு. மேடையில் 1945இல் தாம் பேசியதைச் செய்தித்தாளிலிருந்து வாசித்தார். அவர் நான்கு முறை ஓட்டுப் போட்ட, தாராளவாதிகள் போற்றும் ரூஸ்வெல்ட் செய்த தவற்றுக்குப் பழைமைவாதி ரீகன் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டே, அடிமைமுறைக்கான ஈட்டுத்தொகையை ஆராய ஓர் ஆணையம் வேண்டும் என்று கறுப்பின உறுப்பினர் ஜான் கோன்யர்ஸ் இதே முன்மாதிரியைக் காட்டி மசோதா கொண்டுவந்தார். காங்கிரசுக்குப் பின் காங்கிரசாகக் கொண்டுவந்தும் அது நிறைவேறவில்லை.

ஜப்பானியர்களுக்கும் கையெழுத்தான உடனே பணம் வரவில்லை. வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு இல்லை என்று இரண்டு ஆண்டுகள் இழுத்தார்கள். அதற்குள் முதியவர்கள் பலர் இறந்துபோனார்கள். கடைசியில் வயதில் மூத்தவர்களுக்கு முதலில் என்று முடிவானது. 1990 அக்டோபர் 9ஆம் தேதி வாஷிங்டனில் நடந்த விழாவில் முதல் காசோலையைப் பெற்றவர் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த மமோரு எட்டோ என்ற பாதிரியார். சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தார். வயது 107. அவருக்குக் காசோலையைக் கொடுக்க அமெரிக்காவின் சட்டத்துறைத் தலைவர் தரையில் மண்டியிட வேண்டியிருந்தது.